புரோட்டோடைப் செய்ய நல்ல கருவி வாங்கினால் பலன் கூடுமா?

வந்த கேள்வி இது: "பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் மொத்த மளிகைக் கடை ஒன்றுக்கு ஆர்டர், சரக்கு இருப்பு, கடன் கணக்கு மூன்றையும் பார்த்துக்கொள்ளும் செயலி செய்யப் போகிறோம். முதலில் புரோட்டோடைப், அதாவது செயலி எப்படி இருக்கும் என்று காட்டும் முன்மாதிரி, காட்ட வேண்டும். திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளின் கட்டணத் திட்டமும் ஏஐ கருவி ஒன்றும் வாங்கிவிடலாம், வேலை மளமளவென்று முடியும் என்கிறார் மேலாளர். பேப்பரும் பேனாவும் போதும், மற்றதெல்லாம் வீண் செலவு என்கிறார் எங்களில் மூத்தவர். கருவியால் புரோட்டோடைப்பின் பலன் உண்மையிலேயே கூடுகிறதா?"

கூடுகிறது. ஆனால் உங்கள் மேலாளர் எதிர்பார்க்கிற இடத்தில் கூடாது. கருவி குறைப்பது புரோட்டோடைப்பைச் செய்கிற நேரத்தை. அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டவும், முதலாளி சொல்வதை உட்கார்ந்து கேட்கவும், கேட்டதை வைத்து முடிவெடுக்கவும் ஆகிற நேரம் அப்படியேதான் இருக்கும். புரோட்டோடைப்பின் பலனை நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: இதைக் காட்டிவிட்டு வந்த பிறகு நம்முடைய எந்த முடிவு மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எவ்வளவு சீக்கிரம் முடிந்திருந்தாலும் பிரயோசனமில்லை. கருவியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முடிவு மாறுகிற வாய்ப்பை அது கூட்டுகிறதா, குறைக்கிறதா? ஒரே கருவி ஒரே வாரத்தில் இரண்டையும் செய்வது உண்டு.

புரோட்டோடைப் என்கிற வேலைக்கே பலன் உண்டா என்பதற்கு நல்ல பழைய சான்று இருக்கிறது. பேரி போம், டெரன்ஸ் கிரே, தாமஸ் சீவால்ட் மூவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே மென்பொருளை ஏழு குழுக்கள் தனித்தனியாகச் செய்தன. நான்கு குழுக்கள் தேவைகளையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நிரலில் கை வைத்தன. மூன்று குழுக்கள் புரோட்டோடைப் செய்து பார்த்துப் பார்த்து வளர்த்தன. ஏறக்குறைய ஒரே தரத்துக்கு, புரோட்டோடைப் குழுக்களின் நிரல் சுமார் 40 விழுக்காடு சிறியதாக இருந்தது. உழைப்பு சுமார் 45 விழுக்காடு குறைந்தது. பயன்படுத்தவும் கற்றுக்கொள்ளவும் அவர்கள் செய்தது எளிதாக இருந்தது. மறுபக்கம், எழுதிச் செய்தவர்களின் வடிவமைப்பு ஒழுங்காக இருந்தது, பகுதிகளைச் சேர்ப்பதும் சுலபமாக இருந்தது. வசதிகளிலும் உறுதியிலும் புரோட்டோடைப் குழுக்கள் கொஞ்சம் பின்தங்கின. இந்த இரண்டாவது பாதியையும் மறக்க வேண்டாம். ஏஐ கருவிகளைப் பற்றிப் பேசும்போது அது மறுபடியும் தேவைப்படும்.

1984-இல் ஃபிக்மா மாதிரி எதுவும் கிடையாது. அந்த 45 விழுக்காடு, வேலையின் ஆரம்பத்திலேயே ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டதால் வந்தது. கருவிகள் அதற்குப் பிறகுதான் வரிசையாக வந்தன. 1987-இல் ஆப்பிளின் ஹைப்பர்கார்ட், 1991-இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக். 2008-இல் வந்த பால்சமிக் வேண்டுமென்றே கையால் கிறுக்கியது போல் திரைகளைக் காட்டியது. 2010-இல் ஸ்கெட்ச், 2016-இல் உலாவியிலேயே பலர் சேர்ந்து வரையும் ஃபிக்மா. ஒவ்வொன்றும் செய்யும் வேலையை இன்னும் மலிவாக்கியது. மலிவாக்கியதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பலன் பிரிகிறது.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆப்பிளில் இருந்த ஸ்டெஃபனி ஹூடும் சார்லஸ் ஹில்லும் 1997-இல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள். இந்தப் பொருள் அவருடைய அன்றாட வேலையில் எங்கே உட்காரப் போகிறது என்பது ஒரு கேள்வி. பார்க்கவும் தொடவும் எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. இதைத் தொழில்நுட்ப ரீதியாகச் செய்ய முடியுமா, எப்படி என்பது மூன்றாவது. உங்கள் வேலையில் முதல் கேள்வி பெரியது, மூன்றாவது ஆபத்தானது, நடுவில் இருப்பது சின்னது. திரை வரையும் கருவிகளோ நடுக் கேள்விக்கென்றே பிறந்தவை. கையில் அது இருந்தால் குழு முழுக்க அந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடும். பொத்தானின் முனை வளைய வேண்டுமா, நிறம் பச்சையா நீலமா என்று விவாதம் ஓடும். முதலாளி கடன் கணக்கை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்க ஆள் இருக்காது. கருவி நமக்குச் செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்பேன்.

உங்கள் மூத்தவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ராபர்ட் விர்சியும் கூட்டாளிகளும் 1996-இல், கரடுமுரடான புரோட்டோடைப்பும் முழுமையாகச் செய்ததும் ஏறத்தாழ ஒரே பயன்பாட்டுச் சிக்கல்களைத்தான் வெளியே கொண்டுவருகின்றன என்று காட்டினார்கள். 2002-இல் மிரியம் வாக்கர், லைலா தகயாமா, ஜேம்ஸ் லாண்டே மூவரும் கைவரைவு, கணினி வரைவு என்று இரண்டு தரத்தையும், தாள், கணினி என்று இரண்டு ஊடகத்தையும் கலந்து சோதித்தார்கள். பயனர்கள் கண்டுபிடித்த குறைகளின் எண்ணிக்கையிலும் தன்மையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே "இந்த மெனுவை அவர் கண்டுபிடிப்பாரா, இந்தப் பெயர் புரியுமா, அடுத்து எங்கே தொடுவார்" போன்றவற்றுக்குத் தாள் தாராளமாகப் போதும்.

தாள் தோற்கிற இடம் எது என்றால், உண்மையான தரவு வேண்டிய இடம். இதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலர், உங்கள் வாடிக்கையாளரைப் போலவே மசாலாப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குச் செயலி செய்யப் போனார்கள். நானும் கூடப் போனேன். டேப்லெட்டில் அழகான திரை. "பொருள் 1", "பொருள் 2", எல்லாவற்றுக்கும் 10 ரிங்கிட். முதலாளி விரலால் தள்ளிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி, கலரெல்லாம் நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் சந்தோஷமாக வெளியே வந்தார்கள். கிடைத்த தகவல் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்த முறை, அவருடைய அனுமதியோடு கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து, அந்தப் பொருள்களை ஒரு விரிதாளில் அடித்து, பிளக்-இன் என்ற துணை நிரல் வழியாகத் திரைக்குள் ஏற்றிக் கொண்டுபோனோம். அதே வடிவமைப்பு, அதே நிறம். இந்த முறை அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வத்தல் மிளகாய் வரியில் விரல் நின்றது. "இது யாருக்கு இந்த வெல?" என்றார். நாங்கள் விழித்தோம். "பட்டர்வொர்த் கடைக்கு ஒரு வெல. பத்து மூட்டைக்கு மேல எடுத்தா ஒரு வெல. ரொக்கமா குடுத்தா இன்னொரு வெல. நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க."

கல்லாவில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூட்டையைப் பிரிச்சுக் கிலோ கணக்குல குடுத்தா எதுல கழிக்கிறது? பிரிச்ச மூட்டை கொஞ்சம் எடை குறையுமே" என்றார். பழைய பாக்கியைச் சிவப்பில் காட்டியிருந்த இடத்தைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறியது. "இது வேண்டாம். வாங்க வர்ற ஆளு இந்தப் பக்கம்தான் நிப்பாரு. அடுத்தவரு பாக்கி அவரு கண்ணுல பட்டா என்ன ஆவறது?"

மூன்று விலை, பிரித்த மூட்டை, கல்லாவில் திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது: முதல் இரண்டும் தரவுத்தளத்தின் அமைப்பையே, மூன்றாவது திரையின் அமைப்பையே மாற்றுகிற விஷயங்கள். நிரல் எழுதிய பிறகு தெரிந்திருந்தால் பாதியைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். கருவி இங்கே செய்த உதவி மிகச் சின்னது: நாற்பது, ஐம்பது வரிகளைச் சில நிமிடத்தில் திரைக்குள் போட்டது. தாளில் அதை யாரும் கையால் எழுதிக்கொண்டு போகமாட்டார்கள். எழுதினாலும் ஒரு விலையை மாற்றச் சொன்னால் தாள் முழுதும் அழிப்பு. உண்மையான பெயர், உண்மையான விலை, உண்மையான அளவு இவற்றைச் சுலபமாக உள்ளே கொண்டுவரும் கருவி புரோட்டோடைப்பின் பலனை நிச்சயம் கூட்டுகிறது. கருவிகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். அனிமேஷன் எத்தனை வகை இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

தமிழில் திரை வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டத் தெரியாத கருவிகள் இன்னும் இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலேயே தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. வரி இடைவெளி குறைவாக இருந்தால் ஈகாரத்தின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் வெட்டுப்படும். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு சொல்லில் முடிகிற பொத்தான் தமிழில் இரண்டு வரியாகும். இதையெல்லாம் "பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால், திரையின் அகலம் முழுக்க மாறும்போது காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று ஆகிவிடும். கல்லா அக்கா தமிழில்தான் படிக்கிறார் என்றால் முதல் நாளே தமிழில் காட்டுங்கள்.

இனி, கருவி கெடுக்கிற இடத்துக்கு வருகிறேன்.

நன்றாக முடிந்தது போலத் தெரிகிற எதையும் மனிதர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். நம் ஊரில் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வந்து நிற்கிறார்கள், இவ்வளவு உழைத்திருக்கிறார்கள், மனம் நோகச் சொல்வானேன் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். மரியம் தோஹிதி, பில் பக்ஸ்டன் முதலியோர் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரே ஒரு வடிவமைப்பைப் பார்த்தவர்கள் அதற்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள், குறை சொல்லத் தயங்கினார்கள். மூன்று வடிவமைப்புகளைப் பார்த்தவர்கள் அதே வடிவமைப்புக்குக் குறைவாகக் கொடுத்தார்கள், தாராளமாக விமர்சித்தார்கள். மூன்று இருக்கும்போது ஒன்றைக் குறை சொன்னால் செய்தவரைக் குறை சொன்னதாக ஆகாது. "இதைவிட இது மேல்" என்று சொல்லிவிடலாம்.

செய்பவர் பக்கமும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் டாவும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இணைய விளம்பரம் ஒன்றை ஒரு பிரிவினர் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தித் திருத்திச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் பலவற்றை ஒரே நேரத்தில் செய்து, அவற்றுக்குச் சேர்த்துக் கருத்துக் கேட்டு, பிறகு அடுத்ததற்குப் போனார்கள். மொத்தம் செய்த எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. இரண்டாவது பிரிவினரின் விளம்பரங்களை அதிகம் பேர் சொடுக்கினார்கள், நிபுணர்களும் அவற்றையே மேல் என்றார்கள். ஒன்றை மட்டும் மெருகேற்றியவர்கள் விமர்சனத்தைத் தங்கள் மேல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே கருவி மிச்சப்படுத்திக் கொடுக்கிற நேரத்தை இரண்டாவது, மூன்றாவது வழியை வரைவதற்குச் செலவழித்தால் பலன் கூடும். அதே நேரத்தை முதல் வழிக்கே நிழலும் அசைவும் போடச் செலவழித்தால் பலன் குறையும். தையல்காரர் அளவு சரிபார்க்கப் போடும் ஓட்டுத் தையல் இழுத்தால் பிரிய வேண்டும். அதற்குத்தான் அதை அப்படிப் போடுகிறார். புரோட்டோடைப்பும் பிரிக்கக் கூசாத நிலையில் இருக்க வேண்டும். கருவியின் நகாசு நம் கையைக் கட்டிப்போடுகிறது. இதை உணர்ந்துதான் மேலே சொன்ன ஜேம்ஸ் லாண்டே 1990-களின் நடுவில், கார்னகி மெலனில் இருந்தபோது, பேனாவால் கிறுக்குவதை அப்படியே கிறுக்கலாக வைத்துக்கொண்டு இயங்க வைக்கும் சில்க் என்ற கருவியைச் செய்தார்.

தயாராகக் கிடைக்கும் வார்ப்புகளும் (டெம்ப்ளேட்) இப்படித்தான். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் 1991-இல் பொறியாளர்களுக்கு ஒரு மாதிரி வரைபடத்தைக் காட்டிவிட்டு வடிவமைக்கச் சொன்னார்கள். அந்த மாதிரியில் இருந்த குறைகள்கூட அவர்கள் வரைந்ததில் திரும்பத் திரும்ப வந்தன. "இணையக் கடை" வார்ப்பு ஒன்றை எடுத்து ஆரம்பித்தால் உங்கள் மொத்த வியாபாரிக்கும் கூடை, விருப்பப் பட்டியல், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் வந்து சேரும். அவருக்கு ஆர்டர் வாட்ஸ்ஆப்பிலும் போனிலும் வருகிறது. கூடைக்கு அங்கே வேலையே இல்லை.

ஏஐ கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை, கொஞ்சம் கூடுதலாக. எழுதிக் கேட்டால் சில நிமிடத்தில் ஓடுகிற செயலியே வந்துவிடுகிறது. மூன்று மாற்று வழிகளை ஒரு மதியத்தில் பார்த்துவிட முடிவது பெரிய வரம். நான் அதற்காகவே பயன்படுத்துகிறேன். ஆனால் நீங்கள் சொல்லாததையெல்லாம் அது உலகத்தில் பொதுவாக இருக்கும் வழக்கத்தை வைத்து நிரப்பிவிடுகிறது. பிரித்த மூட்டையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றால் அது கேட்காது. எல்லாம் மூட்டையாகவே விற்கும் என்று வைத்துக்கொண்டு நேர்த்தியாக முடித்துக் கொடுக்கும். தாளில் வரையும்போது அந்த இடத்தில் பேனா நின்றிருக்கும், "இங்கே என்ன?" என்று உங்களை நீங்களே கேட்டிருப்பீர்கள். புரோட்டோடைப்பால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பெரிய பங்கு அப்படிப் பேனா நிற்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது.

வேகம் என்கிற உணர்வையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2025-இல் அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களைக் கொண்டு அவர்களுக்குப் பழக்கமான திட்டங்களிலேயே சோதித்தது. ஏஐ துணையோடு வேலைகள் 19 விழுக்காடு அதிக நேரம் எடுத்தன. முடித்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 விழுக்காடு வேகமாகச் செய்ததாகவே நினைத்தார்கள். அது பழைய, பெரிய நிரல்களில் நடந்த சோதனை. புதிதாகச் செய்யும் புரோட்டோடைப்புக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. வேகமாகப் போகிறோம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு நெருக்கடியும் வரும். ஓடுகிற செயலியைக் கண்ணால் பார்த்துவிட்ட முதலாளி, "அடுத்த வாரம் கடையில போட்டுடலாமா?" என்பார். உங்கள் மேலாளரே அவருக்கு முன்னால் கேட்கலாம். போமின் 1984 ஆய்வில் புரோட்டோடைப் குழுக்கள் உறுதியிலும் ஒழுங்கிலும் பின்தங்கின என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பலவீனம் இங்கே பல மடங்காகத் திரும்பும், ஏனென்றால் இந்த நிரலை உங்களில் யாரும் வரி வரியாகப் படித்திருக்கமாட்டீர்கள். கடன் கணக்கு அடுத்தவர் பணம். படிக்காத நிரலை அதன்மேல் ஓட்டக் கூடாது. ஏஐ செய்த புரோட்டோடைப்பைக் காட்டுவதாக இருந்தால், பார்க்கும்போதே முடியாதது என்று தெரிகிற மாதிரி ஒரு பக்கத்தையாவது கைவரைவாகவே விட்டு வையுங்கள்.

எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் பெரிய பலனுக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ஐபிஎம்மில் ஜான் கூல்டும் இரு கூட்டாளிகளும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரம் மக்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க விரும்பினார்கள். அப்போது அப்படி ஓர் இயந்திரத்தைச் செய்ய வழியில்லை. அடுத்த அறையில் ஒரு தட்டச்சர் உட்கார்ந்து கேட்டு அடித்தார். பயனர் திரையில் எழுத்து வருவதைப் பார்த்தார். உங்கள் செயலியில் "வாட்ஸ்ஆப் குரல் செய்தியிலிருந்து ஏஐ தானாக ஆர்டர் எடுக்கும்" என்று ஒரு வசதி இருந்தால் (இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்), அதைக் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் உங்களில் ஒருவர் அந்த ஏஐ-யாக இருங்கள். செய்திகளைக் கேட்டு, படிவத்தில் நிரப்பி, திருப்பி அனுப்புங்கள். "போன வாரம் மாதிரியே அனுப்புங்க, மல்லி மட்டும் ரெண்டு கூட" என்கிற மாதிரி செய்திகள்தான் பெரும்பாலும் வரும். பேச்சைப் புரிந்துகொள்வதைவிடப் பழைய ஆர்டரைத் தேடி எடுப்பதுதான் உண்மையான வேலை என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது செய்ய முடியுமா என்பதற்கு, திரை வரையும் கருவி எதுவும் உதவாது. உங்கள் வாடிக்கையாளர் மொத்த வியாபாரி, ஆகவே பில்லை வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பும் இ-இன்வாய்ஸ் பெரும்பாலும் வரும். உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் இருப்பவர்களில் தொடங்கிப் படிப்படியாக இதைக் கட்டாயமாக்கியது. ஃபிக்மாவில் "பில் அனுப்பு" என்ற பொத்தானை வரைந்து, தொட்டதும் பச்சை டிக் காட்டலாம். நிஜத்தில் அந்தப் பில் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு, அடையாள எண்ணோடு திரும்ப வர வேண்டும். வாங்குபவரின் வரி எண் வேண்டும். தவறு இருந்தால் நிராகரிக்கப்படும். கல்லாவில் ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது நிராகரிப்பு வந்தால் அக்கா என்ன செய்வார்? இதற்கு வாரியமே மென்பொருளாளர்களுக்கென்று ஒரு சோதனைச் சூழலைத் திறந்து வைத்திருக்கிறது. அதுவும் புரோட்டோடைப்புக்கு உதவும் கருவிதான். முதல் இரண்டு வாரத்திலேயே, அழகே இல்லாத ஒரு சின்ன நிரலை எழுதி, ஒரே ஒரு பில்லை அங்கே அனுப்பிப் பாருங்கள். தவறான வரி எண்ணோடு இன்னொன்றையும் அனுப்பிப் பாருங்கள். அந்தப் பதில் வந்த பிறகு கல்லாத் திரையை வரைந்தால் வேறு மாதிரி வரைவீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம். கருவிகள் நிரந்தரம் இல்லை. ஒரு காலத்தில் புரோட்டோடைப் என்றாலே நினைவுக்கு வந்த இன்விஷன், 2024 கடைசியோடு சேவையை நிறுத்திவிட்டது. அடோபி, 20 பில்லியன் டாலருக்கு ஃபிக்மாவை வாங்குவதாக 2022 செப்டம்பரில் அறிவித்து, 2023 டிசம்பரில் கைவிட்டது. இதற்கிடையில் தன் சொந்தக் கருவியான எக்ஸ்டியை வளர்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. திரைகள் போனால் மறுபடி வரைந்துகொள்ளலாம். அந்தத் திரைகளின் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகள், "முதலாளி மூன்று விலை என்றார்" போன்றவை, போனால் திரும்பி வராது. அவற்றைக் கருவிக்குள் மட்டும் வைக்காதீர்கள். தனியாக ஒரு சாதாரணக் கோப்பில் தேதியோடு எழுதி வையுங்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இப்படி இருக்கும். முதல் வாரம் தாள். முதலாளியிடம் காட்டுவதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடமும் சரக்கு இறக்கும் தம்பிகளிடமும் காட்டுவேன், ஏனென்றால் செயலியை நாள் முழுக்கத் தொடப் போவது அவர்கள். மாலையில் கடை கூட்டமாக இருக்கும். காலையில் திறந்த கொஞ்ச நேரத்தில் போங்கள், பேச நேரம் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போகவே போகாதீர்கள். இரண்டாவது வாரம் கணக்குப் புத்தகத்தின் உண்மையான ஒரு பக்கத்தை வைத்து ஃபிக்மாவில், அதன் இலவசத் திட்டத்திலேயே, ஆர்டர் எடுக்கும் திரைக்கு இரண்டு, மூன்று வழிகள். அதே வாரம் உங்களில் ஒருவர் மட்டும் இ-இன்வாய்ஸ் சோதனைச் சூழலில். ஏஐ கருவிக்கு ஒரே ஒருவர் பெயரில் ஒரு மாதச் சந்தா, மாற்று வழிகளைச் சீக்கிரம் பார்ப்பதற்கு மட்டும்.

ஆறு பேருக்கும் கட்டணம் கட்ட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. ஃபிக்மாவில் பார்த்துக் கருத்துச் சொல்ல மட்டும் வருபவருக்குக் கட்டணம் கிடையாது. முதலாளியும் மேலாளரும் அப்படியே வரலாம். காட்டிவிட்டு வந்த மறுநாளே மாற்றிக் கொண்டுபோக வேண்டும், வரைகிற இருவரும் ஒரே கோப்பில் முட்டிக்கொள்கிறார்கள், அதனால் கடைக்குப் போவதே தள்ளிப்போகிறது என்ற நிலை வந்தால் அந்த இருவருக்கு மட்டும் வாங்குங்கள். அப்போது மேலாளரிடம் கேட்பதும் சுலபம்: எந்தெந்தத் தேதியில் கடைக்குப் போனீர்கள், போய் வந்து என்ன மாறியது என்ற அந்தக் குறிப்புக் கோப்பையே அவர் முன் திறந்து வைக்கலாம்.